முகத்துக் கருந்திட்டும் மூலிகைகளும்: யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாழைக்காயை வெட்டி அப்படியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அதனால்தான் எங்கள் குசினிகளில் வெட்ட வெட்டத் தண்ணீரில் போடுவார்கள். அதில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் காய் இன்னும் வெளுப்பாகவே இருக்கும். "காயின் கறுப்பையே எடுக்கிற தேசிக்காய் முகத்துக் கறுப்பை எடுக்காதா?" என்று என் அம்மம்மா கேட்பார். நல்ல கேள்விதான். வாழைக்காயைக் கறுக்க வைப்பது செம்பைத் தன்னுள் வைத்திருக்கும் ஒரு நொதியம். எங்கள் தோலில் மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்குவதும் செம்பு கொண்ட நொதியம்தான். அதன் பெயர் தைரோசினேசு. இரண்டும் ஒரே குடும்பம் போன்றவை. தாவரங்களில் இருந்து வரும் பல சேர்வைகள் இந்த நொதியத்தைத் தடுக்கும் என்பதும் உண்மை.

ஆனால் காயில் வெட்டுப்பட்ட பக்கத்திலேயே புளி நேராகப் படுகிறது. தோலில் நிறம் உண்டாகும் இடமோ மேற்தோலின் அடி வரிசை. அங்கே போய்ச் சேராத பொருள் எதையும் செய்யாது. போய்ச் சேருகிற பொருள், வெயிலோடு சேர்ந்தால், நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாகவும் செய்யலாம். மூலிகை என்பதால் தீங்கு வராது என்று நம்பி நானே என் கன்னத்தைக் கெடுத்துக்கொண்டவள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு விழுந்தது. இரசாயனவியல் படித்தும், பயத்தில் ஆர் எதைச் சொன்னாலும் பூசினேன். அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காக வாசித்தேன், தோல் வைத்திய நிபுணரிடமும் போனேன்.

இது கருந்திட்டு, பரு போன இடத்துக் கறுப்பு, வெயிலில் கறுத்த கை, வெள்ளைத் திட்டு ஆகியவற்றுக்கான வழிகாட்டி. பிறவி நிறத்தை வெளுப்பாக்க இதில் ஒன்றும் இல்லை. அப்படியொரு மூலிகை கிடையாது, அதற்கு அவசியமும் கிடையாது. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்த்து "கொஞ்சம் நிறம் எடுத்தால் நல்லது" என்று சொல்லுகிறவர்களிடம் இதையும் வாசிக்கக் கொடுங்கள்.

முதலாம் படி: நிறம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேற்தோலின் அடியில் மெலனோசைட் என்ற கலங்கள் இருக்கின்றன. அவை தைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, தைரோசினேசின் உதவியோடு மெலனினாக மாற்றி, நுண்ணிய பொதிகளில் அடைத்து, சுற்றியிருக்கும் தோற்கலங்களுக்குக் கொடுக்கின்றன. ஒரு மெலனோசைட் ஏறத்தாழ 36 தோற்கலங்களுக்கு நிறம் கொடுக்கிறது. பொதியை வாங்கிய கலம், தன் கருவுக்கு மேலே அதைக் குடை போல விரித்து வைத்துக்கொள்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் கருவில் உள்ள மரபுப் பொருளைச் சிதைக்காமல் இருக்கத்தான் இவ்வளவும். வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் மெலனோசைட்டின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. பொதிகளின் அளவும் பரவலும்தான் வேறு.

தாவரச் சேர்வைகள் இந்த ஓட்டத்தில் வெவ்வேறு இடங்களில் கை வைக்கின்றன. அதிமதுரத்தின் கிளாபிரிடின், கரடித் திராட்சை என்ற குளிர்நாட்டுச் செடியின் ஆர்பியூட்டின், பலா மற்றும் முசுக்கட்டைக் குடும்ப மரங்களின் சில சேர்வைகள் ஆகியவை தைரோசினேசைத் தடுக்கின்றன. சோயாவின் சில புரதங்கள் பொதி கைமாறுவதைத் தடுக்கின்றன. தேயிலை, மஞ்சள் போன்றவற்றின் சேர்வைகள் அழற்சியைத் தணித்து, அதன் வழியாகக் கறுப்பு ஏறுவதைக் குறைக்கப் பார்க்கின்றன. சில சேர்வைகள் எதிர்ப்பக்கம் இழுக்கும்: கார்போகரிசி என்ற மூலிகை விதையின் சோராலென், மிளகின் பைப்பரின் போன்றவை நிறத்தைக் கூட்டுகிறவை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அடியில் பிறக்கும் தோற்கலம் மேலே வந்து உதிர நாலு கிழமைக்குக் குறையாது. வயது போகப் போக இன்னும் நீளும். நல்ல சேர்வை இன்றைக்கு நொதியத்தைத் தடுத்தாலும், ஏற்கனவே கறுத்த கலங்கள் உதிரும்வரை கண்ணாடியில் மாற்றம் தெரியாது. ஆகவே ஒரு கிழமையில் முகம் வெளுத்தால் மகிழ வேண்டாம், பயப்படுங்கள்.

இரண்டாம் படி: உங்களுக்கு இருப்பது எது?

பகல் வெளிச்சத்தில், யன்னலோரமாக நின்று பாருங்கள்.

இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும் சமச்சீராகப் படர்ந்த மண்ணிறத் திட்டு என்றால் பெரும்பாலும் மெலாஸ்மா. ஊரில் மங்கு என்பார்கள். கர்ப்பம், கர்ப்பத்தடை மாத்திரை, வெயில், குடும்ப வழி ஆகியவை இதைக் கிளப்பும். பரு, நுளம்புக் கடி, சுட்ட காயம் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு நின்றால், அது அழற்சிக்குப் பின் வரும் கறுப்பு. எங்கள் நிறத் தோலில் இது மிகச் சாதாரணம், காலம் எடுத்தாலும் தானாகவும் மங்கும். இந்த இரண்டுக்கும்தான் மூலிகைச் சேர்வைகள் ஓரளவு உதவும்.

கழுத்தின் பின்பக்கமும் கமக்கட்டும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது ஊத்தை அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது பல தடவை வரும். நீரிழிவு வரும் வழியில் இருக்கிறீர்கள் என்பதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கழுத்தைத் தும்பால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரத்தச் சீனிப் பரிசோதனை.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்தால், ஒட்டுப் பொட்டின் பசையைச் சந்தேகியுங்கள். அதில் உள்ள ஒரு வகை பீனோல் சேர்வை மெலனோசைட்டுகளையே கொல்லக்கூடியது. அதே இடம் கறுத்தால் குங்குமத்தில் கலந்த செயற்கைச் சாயம் காரணமாக இருக்கலாம். மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரம் சேர்ந்தால் சிவக்கும். பழைய குங்குமம் அப்படி வந்தது. இப்போது கடையில் உள்ளது எல்லாம் அப்படி வந்ததல்ல.

நெஞ்சு, முதுகு, தோள்களில் செதிலோடு வெளிறிய புள்ளிகள் என்றால் தேமலாக இருக்கலாம். அது பூஞ்சை. தேமலை உண்டாக்கும் பூஞ்சையை ஆராய்ந்ததில் அகப்பட்டதுதான் அசெலெயிக் அமிலம். கோதுமையிலும் வாற்கோதுமையிலும்கூட அது இருக்கிறது. இன்றைக்கு மெலாஸ்மாவுக்கும் பருவுக்கும் அதை மருந்தாகப் பூசக் கொடுக்கிறார்கள்.

வெளிறிய திட்டைத் தொட்டால் உணர்வு குறைவாக இருந்தால், நாள் கடத்தாமல் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தொழுநோய் இன்னும் இலங்கையில் இருக்கிறது. ஆரம்பத்தில் கண்டால் முழுமையாக மாறும், மருந்தும் இலவசம். மறைத்து வைத்து மூலிகை பூசினால் நரம்புதான் கெடும்.

மூன்றாம் படி: முதலில் நிறுத்த வேண்டியவை

பூசத் தொடங்குவதற்கு முன் நிறுத்தத் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மிகவும் பயன் உள்ள பகுதி இதுதான்.

தேசிக்காய். நான் செய்த பிழையைச் சொல்லுகிறேன். ஒரு நாள் காலை, பாதி தேசிக்காயைத் தேனில் தொட்டு இரண்டு கன்னத்திலும் தேய்த்தேன். தண்ணீரால் மேலோட்டமாகக் கழுவிவிட்டு, பிள்ளையை நேர்சரியில் விட ஸ்கூட்டியில் போய், வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறியும் வாங்கி வந்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் எரிவு, சிவப்பு. அதற்கடுத்த நாள் சிறு கொப்புளங்கள். கொப்புளம் காய்ந்த இடத்தில், முன்பு இருந்த திட்டைவிடக் கடுங்கறுப்பில் சாறு வழிந்த கோடுகள். மூன்று மாதத்துக்கு மேல் அந்தக் கோடுகளோடு திரிந்தேன்.

காரணம் புளிப்பு மட்டும் அல்ல. தேசிக்காயில், அதுவும் தோலில் உள்ள எண்ணெயில், பியூரனோகூமரின் என்ற வகைச் சேர்வைகள் இருக்கின்றன. நிழலில் அவை சும்மா இருக்கும். வெயிலில் உள்ள யு.வி.ஏ. என்ற வகைப் புற ஊதாக் கதிர் பட்டதும் தோற்கலங்களின் மரபுப் பொருளோடு பிணைந்து அதைச் சிதைக்கின்றன. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சுட்ட புண் போல எழும்பி, பின்னர் கிழமைக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கறுப்பு நிற்கும். முகத்தில் பூசாதவர்களுக்கும் இது வரும். திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் நின்று வெயிலில் கூடைக்கணக்கில் தேசிக்காய் பிழியும் பிள்ளைகள், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். அந்தக் கை அடுத்தவரின் முகத்தில் பட்டாலும் விரல் அடையாளமாகக் கறுக்கலாம்.

பெயரில்லாத டப்பாக் கிறீம். வெளிநாட்டில் இருந்து வந்தது என்றும், முழுக்க மூலிகை என்றும் சொல்லி ஒரு கடையில் எனக்குத் தந்தார்கள். பத்து நாளில் முகம் வெளுத்தது. விட்டதும் முன்பைவிட மோசமானது. இப்படியான கிறீம்களில் இரண்டு பொருள் ஒளிந்திருப்பது உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது: பாதரசம், கடுமையான ஸ்டீரொயிட்.

பாதரச உப்பு தைரோசினேசைத் தடுக்கும் என்பது உண்மை. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும் என்பதும் உண்மை. பூசுகிறவரின் துவாய், தலையணை உறை வழியாகக் கைக்குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை முதலில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை விலக்கியது. 2023 இல் அந்த அளவையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025 க்குப் பின் ஆகாது என்று முடிவெடுத்தார்கள். வீட்டில் எப்படிச் சந்தேகிப்பது? உள்ளடக்கப் பட்டியல் இராது. செய்தவரின் முகவரி இராது. "வெள்ளி, தங்க நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால் கட்டாயம் வாங்காமல் விடுங்கள். பாதரசம் உலோகத்தோடு சேரும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை.

ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் பல மாதம் பூசியிருந்தால் திடீரென விட வேண்டாம். முகம் சிவந்து எரியும், பரு கொட்டும், ஆள் பயந்து திரும்பவும் அதையே பூசுவார். வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும் ஒழுங்கில் விடுங்கள்.

பற்பசை, சோடாத்தூள், கரடுமுரடான சீனி, பீர்க்கந்தும்பு ஆகியவற்றால் முகத்தைத் தேய்ப்பதையும் விடுங்கள். எங்கள் தோலில் எந்த உரசலும் அழற்சியாகும், அழற்சி கறுப்பாகும்.

நான்காம் படி: வெயிலை மறிக்கவும்

யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும்: சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் இன்னொருமுறை. இரண்டாவது அநேகமாக நல்லூர்த் திருவிழாக் காலத்தோடு பொருந்தும். அந்த நாட்களில் நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் 11 ஐத் தாண்டும். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் அது உச்சக்கட்டம். தேர் அன்று காலை முழுக்க வெறும் மேலோடு வீதியில் நிற்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கசூரினா, மணற்காடு போன்ற கரைகளில் மணலும் நீரும் கதிரைத் திருப்பி அடிப்பதால் நிழலில் நின்றாலும் கொஞ்சம் படும். மெல்லிய முகிலும் பெரிதாக மறிக்காது.

வெயிலை மறிக்காமல் எந்த மூலிகைக் கிறீம் பூசினாலும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளியதுபோலத்தான். முதலில் துணி: நெருக்கமாக நெய்த, கையை முழுக்க மூடும் பருத்திச் சட்டை. அடுத்தது குடை. ஸ்கூட்டி ஓடுகிறவர்களுக்குக் கைப்பிடிக்கு மேலே உள்ள புறங்கைதான் முதலில் கறுக்கும், கையுறை போடுங்கள். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை வேலைகளை நிழலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வெங்காயத் தோட்டத்திலும் கடலிலும் நிற்கிறவர்களுக்கு அது முடியாது என்பது தெரியும். அவர்களுக்கு அகலத் தொப்பியும், கழுத்தை மூடும் துணியும் எந்தப் போத்தலையும்விடப் பெறுமதியானவை.

சன் கிறீம் என்றால் எஸ்.பி.எஃப். 30 க்குக் குறையாமல், யு.வி.ஏ. பாதுகாப்பும் எழுதியிருப்பதாகப் பாருங்கள். சுட்டு விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். எங்களில் பலர் அதில் கால்வாசியைப் பூசிவிட்டுப் பலன் இல்லை என்கிறோம். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். மெலாஸ்மா உள்ளவர்கள் மண்ணிறச் சாயம் கலந்த சன் கிறீமைத் தேடுங்கள். அந்தச் சாயத்தில் உள்ள இரும்பு ஒட்சைட், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் மறிக்கிறது. எங்கள் நிறத் தோலில் அந்த ஒளியும் திட்டைக் கறுக்க வைக்கும். சாதாரண வெள்ளைச் சன் கிறீம் அதை மறிக்காது. தேங்காய் எண்ணெயைச் சன் கிறீமாக நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: மூலிகையைத் தெரிவுசெய்தல்

"இந்தச் செடி நிறத்தைக் குறைக்கும் என்று ஆய்வு சொல்கிறது" என்று வாசித்தால், எதில் செய்த ஆய்வு என்று பாருங்கள். பெரும்பாலான ஆய்வுகூடச் சோதனைகள் காளானில் இருந்து எடுத்த தைரோசினேசில் செய்யப்படுகின்றன. வாங்கவும் கையாளவும் அது சுலபம். ஆனால் காளானின் நொதியத்தை நன்றாகத் தடுக்கும் பொருள் மனித நொதியத்தை அப்படித் தடுக்கும் என்றில்லை. வாழைக்காயில் தொடங்கிய கதைதான் இது.

*அதிமதுரம்.* வீட்டில் தொடங்க விரும்பினால் இதைத்தான் சொல்வேன். இதில் உள்ள கிளாபிரிடின் தைரோசினேசைத் தடுக்கும், அழற்சியையும் தணிக்கும். ஆனால் கிளாபிரிடின் தண்ணீரில் கரையாது. வேரை அவித்த தண்ணீரால் முகம் கழுவுவதில் அது கிட்டத்தட்ட இல்லை. பொடியைக் குழைத்துப் பூசினாலும் தோலுக்குள் போவது கொஞ்சம்தான். முறையாகப் பிரித்தெடுத்த சாறு சேர்த்த சீரம் என்ற பூசும் திரவத்தில்தான் உண்மையான அளவு கிடைக்கும். அப்படியானால் வீட்டுப் பூச்சு வீணா? இல்லை. எரிச்சலை அடக்கும், வேறு எதையும் பூசாமல் தோலை ஆறவிடும். மருந்துச் சரக்குக் கடையில் வேராகவே வாங்கி, காயவைத்து இடித்து, மெல்லிய துணியில் அரித்து எடுங்கள். ஒரு தேக்கரண்டிப் பொடியை இரண்டு தேக்கரண்டி கற்றாழைச் சோற்றில் குழைத்து, பொழுதுபட்ட பிறகு 15 நிமிடம் பூசிக் கழுவுங்கள். கிழமைக்கு மூன்று நாள் போதும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குழையுங்கள். பூசுவது வேறு, குடிப்பது வேறு: அதிமதுரத்தை நாட்கணக்கில் கூடுதலாகக் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

*கற்றாழை.* அடி மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கோப்பையில் 20 நிமிடம் நிறுத்துங்கள். மஞ்சள் பால் வடியும். அது தோலை அரிக்கக்கூடியது, கொட்டிவிடுங்கள். பிறகு தோலைச் சீவி, சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, அன்றே பயன்படுத்துங்கள். கற்றாழையில் உள்ள அலோசின் தைரோசினேசைத் தடுக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுச் சோற்றில் அதை நம்பிப் பூச வேண்டாம். ஈரப்பதத்துக்கும் குளிர்ச்சிக்கும் பூசுங்கள்.

*மஞ்சள்.* அதன் மஞ்சள் நிறமே குர்க்குமின்தான். அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு, ஆனால் வெளிச்சத்தில் சிதைந்துபோகும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். கடைத்தூளை முகத்தில் பூச வேண்டாம். 2020 இல் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி விலை எங்கேயோ ஏறியபோது, மாவும் சாயமும் கலந்த தூள் சந்தைக்கு வந்தது நினைவிருக்கும். கஸ்தூரி மஞ்சள் என்று வேறு இனக் கிழங்கையும் விற்பார்கள். வீட்டு வளவில் நட்ட கிழங்கு இருந்தால் அதை அரையுங்கள்.

*நெல்லிக்காயைப்* பூசாமல் சாப்பிடுங்கள். அதன் சாற்றில் உள்ள விற்றமின் சி புளித்தண்ணீராகத் தோலில் எரியுமே தவிர, உள்ளே போய் நிலைத்து நிற்கும் வடிவில் இல்லை. விற்றமின் சி சீரம் வாங்குவதானால் 10 முதல் 20 சதவீதம் வரை உள்ளதை எடுத்து, பிறிட்ஜில் வையுங்கள். மண்ணிறமாக மாறினால் கெட்டுவிட்டது. எங்கள் வெக்கையில் அது சீக்கிரம் நடக்கும்.

*வல்லாரையில்* உள்ள மடெகாசோசைட் என்ற சேர்வை, வெயிலால் கறுப்பு ஏறுவதைக் குறைக்கிறதாக ஆய்வுகள் இருக்கின்றன. சம்பலாகச் சாப்பிட நல்லது. பூசுவதென்றால் சாறு சேர்த்த கிறீம்தான். *பலா*: தென்மராட்சியில் தடுக்கி விழுந்தால் பலாமரம். அதன் வைரத்தில் தைரோசினேசைத் தடுக்கும் சேர்வைகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் மரத்தூளை முகத்தில் அப்பும் அளவுக்கு அந்த அறிவு இன்னும் வரவில்லை, யாரும் முயல வேண்டாம்.

பாமசியில் சீரம் வாங்குகிறவர்கள் பட்டியலில் ஆல்பா ஆர்பியூட்டின் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முகக் கிறீமில் இதை 2 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கோஜிக் அமிலம் தாவரத்தில் இருந்து அல்ல, பூஞ்சையில் இருந்து வருவது. அதற்கு 1 சதவீதம் எல்லை. ஆர்பியூட்டினின் உறவான ஹைட்ரோகுவினோனைத் தோலில் பூசும் அழகுசாதனங்களில் அவர்கள் அனுமதிப்பதில்லை. அதை வைத்தியர் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன காலம் மட்டும் பூசுங்கள். வருடக்கணக்கில் பூசினால் நீலக்கறுப்பாக மாறி, எடுக்கவே முடியாமல் போகலாம். அசெலெயிக் அமிலத்தைக் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர்கள் கொடுப்பதுண்டு, ஆனால் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

"இயற்கையில் இருக்கிறது" என்ற சொல்லுக்கு ஒரு மருந்தாக, 2013 இல் ஜப்பானில் நடந்ததைச் சொல்லுகிறேன். ரொடோடென்ட்ரோல் என்பது சில மரப்பட்டைகளில் இயல்பாக இருக்கும் சேர்வை. தைரோசினேசைத் தடுப்பதற்காக அதைக் கிறீம்களில் சேர்த்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வெள்ளைத் திட்டு விழுந்தது. அந்தக் கிறீம்கள் எல்லாம் திருப்பி எடுக்கப்பட்டன. தைரோசினேசு அந்தச் சேர்வையையே எடுத்து மாற்ற, வந்த பொருள் மெலனோசைட்டைக் கொன்றது. ஒரு நொதியத்தின் வாயை அடைக்கப் போன பொருள் அதன் கையாலேயே நஞ்சானது.

ஆறாம் படி: கையில் சோதித்த பிறகே முகத்தில்

முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடம். பூசப்போகும் அதே பொருளை, அதே அளவில், காலையும் இரவும், ஏழு நாள். ஒரே ஒருமுறை பூசிப் பார்ப்பது காணாது. ஒவ்வாமை பல தடவை நாலாம் ஐந்தாம் நாளில்தான் எழும்பும். கடித்தால், சிவந்தால், தடித்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு புதிய பொருளை ஒரே கிழமையில் தொடங்க வேண்டாம். எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

ஏழாம் படி: பன்னிரண்டு கிழமை

முதல் நாள், காலை ஒரே நேரத்தில், ஒரே யன்னலருகே, போனில் மூன்று படம்: நேராக, இடம், வலம். போனில் முகத்தை அழகாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதேபோல எடுங்கள். தினமும் கண்ணாடியைப் பார்த்து அளக்க வேண்டாம், மனம் சோர்ந்துவிடும்.

முதல் நாலு கிழமை, நிறுத்துவதும் வெயிலை மறிப்பதும் மட்டும். பலருக்கு இதிலேயே பாதி வித்தியாசம் தெரியும். ஐந்தாம் கிழமையில் ஒரு சீரம், இரவில் மட்டும். எட்டாம் கிழமையில் எரிவில்லாமல் போய்க்கொண்டிருந்தால் அப்படியே தொடருங்கள், கூட்ட வேண்டாம். பன்னிரண்டாம் கிழமையில் முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றமே இல்லை என்றால் அந்தப் பொருள் உங்களுக்கு உதவவில்லை, காசை மிச்சம் பிடியுங்கள். மங்கியிருந்தாலும் குடையைக் கீழே வைக்க வேண்டாம். மெலாஸ்மா ஒரு சித்திரை வெயிலில் திரும்பி வரும்.

வெள்ளைத் திட்டுக்கு: எதிர்த்திசை மூலிகைகள்

கார்போகரிசி எங்கள் வைத்தியத்தில் வெண்புள்ளிக்குப் பழைய மருந்து. அந்தச் செடியில் இருந்து 1933 இல் இந்திய இரசாயனவியலாளர்கள் பிரித்தெடுத்த பொருளுக்குச் செடியின் தாவரப் பெயராலேயே சோராலென் என்று பெயர் வந்தது. தேசிக்காயில் நான் சொன்னதும் இந்தக் குடும்பம்தான். எகிப்தில் நைல் கரையில் வளரும் ஒரு செடியில் இருந்து எடுத்த உறவுச் சேர்வையை வைத்து, அப்துல் மொனெம் எல் மொஃப்தி என்ற வைத்தியர் 1948 இல் வெண்புள்ளிச் சிகிச்சையை வெளியிட்டார். 1970 களில் அது யு.வி.ஏ. விளக்கோடு சேர்ந்த முறையான சிகிச்சையானது. என் கன்னத்தைச் சுட்ட அதே வேதியியல், அளந்த மருந்தும் அளந்த ஒளியுமாக வந்தால், உறங்கிக் கிடக்கும் மெலனோசைட்டை எழுப்புகிறது.

அளந்த என்ற சொல்தான் முக்கியம். கார்போகரிசி எண்ணெயை வீட்டில் பூசிக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்காருவது அளக்காத மருந்தும் அளக்காத ஒளியும். கொப்புளம் போட்டால் அந்தக் காயத்திலேயே புது வெண்புள்ளி தொடங்கலாம். வாசனைக்காகக் குளியல் மாவில் கார்போகரிசி சேர்ப்பதும் உண்டு. சாமத்தியச் சடங்குக்கோ கலியாணத்துக்கோ மா அரைக்கும்போது அதை விட்டுவிடுங்கள், வாசனைக்குப் பூலாங்கிழங்கு காணும். இதே விதையில் இருந்து எடுத்துக் கிறீமில் சேர்க்கும் பக்குச்சியோல் வேறு பொருள். சோராலெனை நீக்கிச் சுத்தப்படுத்திய 0.5 சதவீதக் கிறீமை 44 பேர் பங்குகொண்ட ஒரு ஆய்வில் தோல் சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினோலோடு 12 கிழமை ஒப்பிட்டார்கள். சுருக்கத்திலும் கறுப்பிலும் இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன, பக்குச்சியோலில் எரிவு குறைவு. போத்தல் வாங்குங்கள், விதையை அரைக்க வேண்டாம்.

மிளகின் பைப்பரின் மெலனோசைட்டைப் பெருகவைக்கிறது என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2008 இல் எலிகளில் காட்டினார்கள். மிளகை அரைத்துத் திட்டில் பூசினால் எரிகாயம்தான் மிச்சம்.

வெண்புள்ளிக்குச் சித்த வைத்தியத்தை நாடுகிறவர்கள், ஊர் ஊராக வந்து எண்ணெய் விற்பவரிடம் வாங்காமல், கைதடிச் சித்த போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள். அங்கே கொடுக்கும் மருந்தைத் தோல் வைத்திய நிபுணரிடமும் சொல்லுங்கள், ஒன்றை மற்றவரிடம் மறைக்காதீர்கள்.

வைத்தியரிடம் எப்போது, எதைக் கொண்டு

ஒரு மச்சம் வளர்ந்தால், ஓரம் கலைந்தால், நிறம் பலவிதமானால், இரத்தம் கசிந்தால் காத்திருக்க வேண்டாம். உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் புதிதாக வரும் கறுப்பையும் அப்படியே எடுங்கள். வாயின் உட்புறம், உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்து, உடம்பும் மெலிந்து களைத்தால் அது தோலின் பிரச்சினை அல்ல, உள்ளே ஓமோன் குறைபாடாக இருக்கலாம். பிள்ளைகளின் வெள்ளைத் திட்டு, கர்ப்ப காலத்துத் திட்டு, பெயரில்லாத கிறீம் பூசிய முகம் ஆகியவற்றுக்கும் நேரே போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது, காசு தேவையில்லை. காத்திருக்க வேண்டி வரும், காலையிலேயே போங்கள்.

போகும்போது ஒரு பையில் இதுவரை பூசிய எல்லாவற்றையும் போடுங்கள்: வெறும் டப்பா, முடிந்த போத்தல், கையால் எழுதிய மருந்துத் துண்டு, குளியல் மா எல்லாம். போனில் உள்ள படங்களைத் திகதி ஒழுங்கில் காட்டுங்கள். குடிக்கும் மாத்திரைகளின் பெயரையும் எழுதி வையுங்கள்; அவற்றில் சிலவும் தோலைக் கறுக்கவைக்கும். அன்றைக்கு முகத்தில் பவுடர், கிறீம் எதுவும் வேண்டாம். நான் அந்தப் பையை மேசையில் கொட்டியபோது பதினொரு டப்பா இருந்தது. டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மூன்றை மட்டும் என் பக்கம் தள்ளினார்.